சபதத்தில் தொடங்குங்கள்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழிவாங்கும் படம் எடுக்க வரும் புதியவர்களுக்கு

கையில் ஒரு நல்ல செல்போன், கூட நாலைந்து நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் நேரம். இருப்பது இவ்வளவுதான். ஆனால் எடுக்க நினைப்பதோ ரத்தம் பீறிட்டு, அடியாட்கள் பறந்து, ஒற்றை ஆள் ஊரையே எதிர்த்துக் கணக்குத் தீர்க்கும் படம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கம் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பெரும்பாலோர் காதலிலோ சமூகக் கருத்திலோ தொடங்குகிறார்கள். அடிதடி என்றால் பெரிய காசு, ஃபைட் மாஸ்டர், ரோப் எல்லாம் வேண்டும் என்ற பயம்தான் காரணம். ஆனால் காசில்லாதவர்கள் கையில் வளர்ந்த வகைதான் இது.

1970களில் அமெரிக்காவில் மலிவான தியேட்டர்களுக்கென்றே, மலிவான செலவில், மிரட்டலை மட்டும் நம்பி இத்தகைய படங்களை வரிசையாக எடுத்தார்கள். எக்ஸ்பிளாய்டேஷன் படங்கள் என்று பெயர். 1973இல் வந்த 'காஃபி'யில் நாயகி ஒரு நர்ஸ். தன் தங்கையைப் போதைக்குள் தள்ளியவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் முடிப்பாள். பாம் கிரியர் அந்த வேடத்தில் பெரிய நட்சத்திரமானார். அதே ஆண்டு ஜப்பானிலிருந்து 'லேடி ஸ்னோபிளட்' வந்தது. அதில் வெட்டுப்பட்டால் ரத்தம் ஊற்றாகப் பீறிடும். உடம்பில் இவ்வளவு ரத்தம் ஏது என்று பார்ப்பவர் யாரும் கேட்பதில்லை. நம் ஊரிலும் 1985இல் ரஜினி நடித்த 'நான் சிகப்பு மனிதன்' மாதிரி, சட்டம் கைவிட்டவன் தானே கிளம்பும் கதைகள் எண்பதுகள் முழுக்க ஓடின. இவற்றில் இரண்டு மூன்றையாவது பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். சண்டையை மட்டும் பார்க்காதீர்கள். சண்டைக்கு முந்தைய இருபது நிமிடத்தை நோட்டும் பேனாவுமாகப் பாருங்கள்.

முதல் வேலை: சபதம்

புதியவர்கள் எல்லோரும் சண்டையிலிருந்து கதை எழுதுகிறார்கள். 'ஐஸ் ஃபேக்டரிக்குள்ள ஒரு ஃபைட், மச்சான், செமையா இருக்கும்' என்று ஆரம்பிக்கும். ஃபைட் நன்றாகவே வரலாம். பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாது. சண்டை எவ்வளவுக்கு எல்லை மீறுகிறதோ, அவ்வளவுக்கு அதன் காரணம் சின்னதாக, துல்லியமாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'குடும்பத்தையே அழித்துவிட்டார்கள்' என்பது பார்ப்பவர் மனதில் தங்காது. 'என் அம்மாவின் தராசை உதைத்தான்' என்பது தங்கும்.

இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டாம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். சபையில் துகிலுரிக்கப்பட்டவள், துரியோதனன் ரத்தத்தைத் தடவாமல் கூந்தலை முடிய மாட்டேன் என்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் கூத்தில் அவள் விரித்த தலையோடுதான் வருவாள். கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருக்கிறான். பீமன் அவன் தொடையைப் பிளக்கிறான், அவள் கூந்தலை முடிகிறாள். ஊரே அந்த ஒரு முடிச்சுக்காகக் காத்திருக்கிறது. அந்த மண்ணுருவம் பெரிதாக இருப்பதும், ரத்தம் மிகையாக இருப்பதும் யாருக்கும் உறுத்துவதில்லை. விரிந்த கூந்தலை நாள்கணக்கில் பார்த்துவிட்டார்களே! பாரதி 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை 1912இல் வெளியிட்டதும் புதுச்சேரியில் இருந்துதான். பழிவாங்கும் கதையின் இலக்கணம் உங்கள் ஊரிலேயே கிடக்கிறது.

ஆகவே முதல் பக்கத்தில் மூன்றை மட்டும் எழுதுங்கள். என்ன அநியாயம் நடந்தது, அதற்கு என்ன சபதம், அந்தச் சபதத்தின் அடையாளமாகக் கடைசிவரை திரையில் தெரியப்போகும் பொருள் எது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதை கட்டுவோம். அஞ்சலை, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்பவள். கணவன் இல்லை. அவன் விட்டுப்போன ஃபைபர் போட்டின் இன்ஜின் மேல் கந்துவட்டி. ஒரு காலையில் வட்டிக்காரன் ஏலக் கூடத்துக்கே வந்து, எல்லார் முன்னாலும் கூடையைக் கவிழ்த்து, அவள் அம்மா வைத்திருந்த கைத்தராசை மிதித்துத் தட்டைத் தனியாகப் பிய்த்து எறிகிறான். 'இன்னா அஞ்சலை, வட்டி எங்க?' என்கிறான். 'பத்து நாள் டைம் குடுங்கண்ணே' என்று கெஞ்சுகிறாள். அவன் போன பிறகு, ஐஸ் தண்ணீரில் கிடக்கும் தட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள். சபதத்தை வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. இனி ஒவ்வொரு காட்சியிலும் அந்தத் தட்டு அவள் இடுப்பில் இருக்கும். இடைவேளையில் அது முதல் தடவையாகக் காற்றில் சுழன்று பறக்கும். யார் கழுத்தை நோக்கி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 'அண்ணே'. முதல் காட்சியில் 'குடுங்கண்ணே' என்றவள், கடைசியில் அவன் எதிரே வந்து 'எடை போட்டுத் தர்றேன்டா' என்று சொல்லும்போது தியேட்டர் எழுந்து நிற்கும். மரியாதை இறங்குவதுதான் இந்த வகைப் படத்தின் பஞ்ச். அதற்கு முன் எங்கேயும் அவள் வாயில் 'டா' வரவே கூடாது. எழுதி முடித்ததும் வசனத் தாளில் தேடிப் பார்த்து, தவறி வந்திருந்தால் அடித்துவிடுங்கள்.

தொடக் கூடாத இரண்டு

இந்த வகைப் படங்களின் பழைய நோய் ஒன்று உண்டு. பெண்ணைப் பலாத்காரம் செய்வதை நீட்டி நீட்டிக் காட்டிவிட்டு, பிறகு அவள் பழிவாங்குவதாகக் கதை போகும். அந்தக் காட்சியைப் போட்டுத்தான் அன்றைக்கு டிக்கெட் விற்றார்கள். அதை நீங்கள் எடுக்க வேண்டாம். உங்கள் நாயகியாக நடிக்க வருகிறவள் பக்கத்துத் தெருப் பெண். அந்த ஒரு காட்சி தனியாக வெட்டப்பட்டு யார் யார் போனிலோ சுற்றும். அது இல்லாமலும் அநியாயத்துக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. வட்டி, நிலம், வேலை செய்த கூலி, பிணத்தை எடுத்துப்போக விடாத வழி என்று எத்தனையோ இருக்கிறது.

இரண்டாவது, சாதி. வில்லனின் பெயர், மீசை, நெற்றிக் குறி, வண்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கர், கொடியின் நிறம், கையில் கட்டிய கயிறு எதுவும் ஒரு சமூகத்தைச் சுட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலேயே கயிற்று நிறத்தைப் பார்த்து ஆள் பிரிக்கும் மாநிலம் இது. சாதிக் கொடுமையைப் பற்றிப் படம் எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் தலைகள் பறக்கும் கொண்டாட்டப் படத்துக்குள் அதைப் போட்டால், நீங்கள் சொல்ல வந்தது காணாமல் போய், உங்கள் அட்டை அரிவாள் மட்டும் யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸில் நிற்கும். காஸ்ட்யூம் எடுக்கும் அன்றே இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள்.

ஊரில் இருப்பதைப் பட்டியல் போடுங்கள்

ராபர்ட் ரோட்ரிகெஸ் 1992இல் வெளிவந்த 'எல் மரியாச்சி'யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். மெக்சிகோ எல்லை ஊர் ஒன்றில், நண்பனுக்குத் தெரிந்த இடங்களில், கையில் கிடைத்த ஒரு பஸ், ஒரு நாய், ஒரு ஆமை ஆகியவற்றைச் சுற்றிக் கதை எழுதினார். கதைக்குப் பொருள் தேடாமல், இருக்கிற பொருளுக்குக் கதை எழுதினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்களிடம் என்ன இருக்கிறது? துறைமுகத்தில் மீன் பெட்டி, வலைக் குவியல், துடுப்பு, ஐஸ் பார். கேப்பர் மலைப் பக்கம் செம்மண், அதில் யார் விழுந்தாலும் கேமராவுக்கு அழகு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, பலாப் பழம். பெண்ணையாறும் கெடிலமும் வறண்டால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். புதுச்சேரியில் ஒரே நடையில் பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவரும், வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் வீட்டுத் திண்ணையும் கிடைக்கும். மஞ்சள் சுவரை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். 2015இல் வந்த 'நானும் ரௌடி தான்' முதல் கல்யாண ஆல்பம் வரை அதே சுவர்தான். என்னைக் கேட்டால், புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டின் பின்பக்கச் சந்துகளையும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தையும் முதலில் போய்ப் பாருங்கள்.

ஆள் பட்டியலும் போடுங்கள். சண்டைக்கு ஜிம் பையன்களைவிடச் சிலம்பம் கற்ற பிள்ளைகள் மேல். கம்பு எவ்வளவு தூரம் வரும், எங்கே நிற்கும் என்ற கணக்கு அவர்கள் கையில் ஊறியிருக்கிறது. அடிபடாமல் அடிக்க அதுதான் தேவை.

முழுப்படம் வேண்டாம், முதலில் டிரெய்லர்

இது என் உறுதியான யோசனை. 2007இல் வந்த 'கிரைண்ட்ஹவுஸ்' படத்தின் நடுவே, இல்லாத படங்களுக்கு விளையாட்டாக டிரெய்லர்கள் போட்டார்கள். அதில் ஒன்று ரோட்ரிகெஸ் எடுத்த 'மச்செட்டி'. கேட்பவர் பெருகி, 2010இல் டேனி டிரெஹோ நடிக்க முழுப்படமாகவே வந்தது. அதே 'கிரைண்ட்ஹவுஸ்' வெளியீட்டை ஒட்டி நடந்த டிரெய்லர் போட்டியில் வென்றவர் கனடாவின் ஜேசன் ஐஸனர். அவருடைய 'ஹோபோ வித் எ ஷாட்கன்' 2011இல் ரட்கர் ஹவர் நடித்த படமாயிற்று.

இரண்டு நிமிட டிரெய்லருக்கு முழுக் கதை தேவையில்லை. அநியாயம், சபதப் பொருள், நாலு மிரட்டலான ஷாட், ஒரு பஞ்ச், படத்தின் பெயர். அஞ்சலை கதையில் சுமார் நாற்பது ஷாட் வரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். சண்டையை முழுசாக எடுக்க வேண்டாம், சண்டையின் உச்ச ஷாட்டை மட்டும் எடுத்தால் போதும். நாலு பேரையே அடியாட்களாக வைத்து, லுங்கி, துண்டு, தாடி மாற்றிப் பன்னிரண்டு பேராகக் காட்டலாம்.

அனுமதி: ஆறு தாண்டினால் அரசாங்கம் மாறும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் பெண்ணையாற்றுப் பாலம் இறங்கிக் கன்னியகோயில் வந்துவிட்டால் வேறு அரசு, வேறு போலீஸ், வேறு உள்ளாட்சி. பாகூர்ப் பக்கம் எல்லை வளைந்து வளைந்து போகும். எந்த இடம் யார் கையில் என்று இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொறுப்பான துறைக்கு மனு எழுதுங்கள். துறைமுகம் என்றால் மீன்வளத் துறை, தெரு என்றால் கடலூரில் மாநகராட்சி, புதுச்சேரியில் நகராட்சி, பிச்சாவரம் அலையாத்திக் காடு என்றால் வனத் துறை. தனியார் இடம் என்றால் உரிமையாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம்.

மீனவர் குப்பங்களில் அரசு அனுமதி மட்டும் போதாது. ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பாருங்கள். கதையைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். 'எங்க பொம்பளய அசிங்கமா காட்டுவீங்களா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். இருந்தால், கயிறு கட்டுவதிலிருந்து கூட்டத்தை விலக்குவதுவரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, முத்திரை வாங்கிய நகலைப் பையில் வைத்திருங்கள். அரிவாளோடு நாலு பேர் ஓடுவதைப் பார்க்கிறவருக்கு அது அட்டை என்று தெரியாது. புதுச்சேரியில் இன்னும் ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். நாட்டு வெடிகுண்டு வீசிக் கொலைகள் நடந்த ஊர் அது. உருண்டையாகச் சணல் சுற்றிய பொம்மை வெடிகுண்டைக் கூடத் தெருவில் எடுக்காதீர்கள், அந்த ஷாட்டை நாலு சுவருக்குள் எடுங்கள். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதை நினைவில் வைத்து, டிரோனை எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நாய், கோழி, ஆடு என்று எந்தப் பிராணியை நடிக்கவைத்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. முதல் படத்தில் பிராணியே வேண்டாம்.

எந்த மாதம், எந்த நேரம்

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஏலக் கூடம் வெறிச்சோடும், ஆட்களும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் விடிகாலைத் துறைமுகத்தில் நீங்கள் நிற்கவே இடம் இருக்காது, அவர்கள் பிழைப்புக்கும் தொல்லை. தடைக்காலத்தில் வெயில் கொல்லும் என்பது உண்மைதான். அதற்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குக் கட்டுங்கள், மறுபடி நாலு மணிக்கு மேல். தடைக்காலம் மீனவர் வீட்டில் வருமானம் இல்லாத காலம் என்பதையும் மறக்காதீர்கள். படகையோ ஆளையோ பயன்படுத்தினால் அன்றே கூலி கொடுத்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நாள் குறிக்காதீர்கள். மழையும் புயல் எச்சரிக்கையுமாகப் போய்விடும்.

நம் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. கடலைப் பின்னணியாக வைத்து நாயகி நிழலுருவாக நடந்துவரும் ஷாட் வேண்டுமென்றால் விடியலில்தான். மாலையில் கடலோரத்தில் எடுத்தால் வெளிச்சம் ஊர்ப் பக்கமிருந்து முகத்தில் விழும். அது அழுகைக் காட்சிக்கு நன்றாக இருக்கும்.

ஆயுதமும் ரத்தமும்

அரிவாள் ஃபோம் ஷீட்டில் செய்யுங்கள். பத்து மில்லிமீட்டர் ஷீட்டில் வெட்டி, உள்ளே மெல்லிய பிரம்பு வைத்து ஒட்டி, மேலே கருப்பு அடித்து, அது காய்ந்த பிறகு வெட்டு முனையில் மட்டும் வெள்ளி பெயிண்டைத் துணியால் தேயுங்கள். முழுசும் வெள்ளி அடித்தால் நாடக வாள் மாதிரி தெரியும். பிரம்பு முனை ஷீட்டின் விளிம்புக்கு நாலு விரற்கடை முன்பே நிற்க வேண்டும். நிஜ அரிவாள் குளோசப்புக்குக் கூட செட்டுக்குள் வரக் கூடாது. பொய்யும் நிஜமும் ஒரே சாக்கில் கிடந்தால், அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. தராசுத் தட்டுக்கும் அதே கதைதான். குளோசப்புக்கு விளிம்பு மழுங்கிய நிஜத் தட்டு, பறப்பதற்கு ஃபோம் தட்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பை.

துப்பாக்கி வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பொம்மை. நெருப்பும் புகையும் எடிட்டிங்கில். 2021இல் அமெரிக்காவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒத்திகைக்கு எடுத்த துப்பாக்கியில் நிஜக் குண்டு இருந்து, ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் செத்துப்போனார். அனுபவமுள்ள யூனிட்டிலேயே அது நடந்தது.

இப்போது ரத்தம். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும். ஒரு டம்ளர் குளுக்கோஸை, கால் டம்ளர் வெந்நீரில் இளக்குங்கள். சிவப்பு ஃபுட் கலர் ஒரு மேசைக்கரண்டி. இந்த நிலையில் பார்த்தால் ரோஸ் மில்க் சிரப்பாகத்தான் இருக்கும். ஒரு சிறு கரண்டி கொக்கோ தூளைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துக் கட்டியில்லாமல் ஊற்றுங்கள். சிவப்பு இறங்கி, கனம் வந்து, கண்ணாடித் தன்மை போய்விடும். கடைசியாக நீலம் ஒரு சொட்டு, போதாவிட்டால் இன்னொரு சொட்டு. கரண்டியின் பின்பக்கத்தில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக இறங்கி, ஓரத்தில் கருத்து நின்றால் பதம் சரி. பிறகு படம் எடுக்கப்போகும் அதே போனில், அதே வெயிலில் ஒரு ஷாட் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். போன் கேமரா சிவப்பைக் கூட்டிக் காட்டும், அதனால் கண்ணுக்குக் கொஞ்சம் கருப்பாகத் தெரிவதே திரையில் சரியாக வரும்.

குளுக்கோஸ் கிடைக்காவிட்டால் சர்க்கரைப் பாகு, ஒரு கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கியது. வாயில் வைக்க இது பாதுகாப்பு. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணிச் சாயம், குங்குமம், கோலப்பொடி எதையும் தோலில் பூசாதீர்கள். சட்டையில் மட்டும் படப்போகும் ரத்தத்துக்குப் பாகுக்குப் பதில் துணி துவைக்கும் லிக்விடில் கலர் கலந்தால் கறை சீக்கிரம் போகும், ஆனால் அந்தப் பாட்டிலில் பெரிய எழுத்தில் 'வாயில் படக் கூடாது' என்று எழுதி ஒட்டுங்கள்.

பீறிட வைக்க ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சும், மீன் தொட்டிக் குழாயும் போதும். குழாயைச் சட்டைக்குள்ளே முதுகு வழியாக விட்டுத் தோளில் வாய் தெரியாமல் ஒட்டுங்கள். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் அமுக்குவார். வெட்டு விழுந்த கணத்துக்குப் பிறகு அரை நொடி பொறுத்து அமுக்கினால்தான் வேடிக்கை. ரத்தம் படும் சட்டையில் ஒரே மாதிரி மூன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது டேக் கிடையாது. பாகு சிந்திய இடத்தை உடனே கழுவாவிட்டால் எறும்பு மொய்த்து அடுத்த ஷாட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

சண்டையை எடுப்பது

குத்து முகத்துக்கு ஓர் அடி முன்னால் போக வேண்டும். கேமரா அடி வாங்குபவரின் முதுகுப் பக்கமோ, அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ நிற்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் அந்த இடைவெளி பல்லிளிக்கும். கொஞ்சம் தள்ளி நின்று, தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்தால் இரண்டு பேரும் ஒட்டி நிற்பதாகத் தெரியும். அடியின் பலம் அடிப்பவர் கையில் கிடையாது, வாங்குகிறவரின் கழுத்தில் இருக்கிறது. தலை எந்தப் பக்கம், எந்த நொடியில் திரும்புகிறது என்பதை மட்டும் தனியாக ஒத்திகை பாருங்கள். ஃபைட் யூனிட்டில் இதைத்தான் டைமிங், டைமிங் என்று கத்திக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு ஷாட்டில் மூன்று அடிக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் கால் வேகத்தில், பிறகு அரை வேகத்தில், பிறகு முக்கால் வேகத்தில். முழு வேகம் வேண்டவே வேண்டாம், மீதியை எடிட்டிங் பார்த்துக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே டியூப் லைட் வெளிச்சத்தில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி வைத்தால் திரை துடிக்காது. ஸ்லோமோஷனை டியூப் லைட்டின் கீழ் எடுக்காதீர்கள், மினுக் மினுக்கென்று அடிக்கும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிட்டுத்தான் 'ஆக்‌ஷன்' சொல்ல வேண்டும்.

விழுவதற்குக் கீழே வெற்று அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே மெத்தை. இடுப்பு உயரத்துக்கு மேலிருந்து யாரும் விழ வேண்டாம். உயரத்திலிருந்து விழ வேண்டும் என்று கதை கேட்டால், விழத் தொடங்குவது ஒரு ஷாட், தரையில் கிடப்பது ஒரு ஷாட், நடுவில் சத்தம். ஓடும் வண்டி, நெருப்பு, ஓடும் ஐஸ் உடைக்கும் இயந்திரம் மூன்றும் புதியவர்களுக்கு இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் சாகசம் செய்த மூத்த ஸ்டண்ட் கலைஞர் உயிரிழந்தார். எத்தனையோ படங்களில் வண்டி ஓட்டியவர் அவர். புழுதி பறக்க மாவு தூவும் பழக்கம் சிலருக்கு உண்டு. காற்றில் பறக்கும் மாவு நெருப்பைக் கண்டால் ஒரே வீச்சில் பற்றும். சலித்த செம்மண் போதும், கண்ணுக்கு நேராக வீசாதீர்கள்.

'கட்' சொல்வது டைரக்டர். 'நிறுத்து' சொல்வது யாராக இருந்தாலும் சரி, டீ வாங்கி வரும் பையன் சொன்னாலும் எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இதை முதல் நாள் காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

சத்தம்

இந்த வகைப் படத்தில் பாதி அடி காதில்தான் விழுகிறது. கடற்கரைக் காற்றில் போன் மைக்கில் எதுவும் உருப்படியாகப் பதியாது. ரோட்ரிகெஸ் செய்ததையே செய்யுங்கள். ஷாட் முடிந்ததும் அதே இடத்தில், காற்றுக்கு மறைவாக, அதே வசனத்தை அதே வேகத்தில் ஆடியோ மட்டும் பேசவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். உதடு சேராத இடத்தில் வேறொரு முகத்துக்கு வெட்டிவிடலாம்.

எஃபெக்ட்ஸை வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு இரவில் எடுக்கலாம். எலும்பு முறிய முருங்கைக்காய், இரண்டு மூன்றைச் சேர்த்து. சதையில் வெட்டு விழ முட்டைக்கோஸ். உடம்பு தரையில் விழ ஈரச் சாக்கில் மணல் கட்டிப் போடுங்கள். தராசுத் தட்டு பறக்கும் சத்தத்துக்கு எவர்சில்வர் தட்டின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து, அதை எடிட்டிங்கில் வேகம் கூட்டுங்கள். அந்த ஒரு சத்தத்தை அநியாயக் காட்சியில் தட்டு உருளும்போதே லேசாகக் கேட்க வைத்துவிட வேண்டும். பிறகு படம் முழுக்க அது கேட்டாலே பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

எடிட்டிங்கில் ஒன்று போதும். அடி படும் இடத்தில் இரண்டு ஃபிரேமை வெட்டி எடுத்துவிட்டு, சத்தத்தை ஒரு ஃபிரேம் முன்னால் தள்ளுங்கள். சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள், காப்பிரைட் விழும். பறையும் பம்பையும் உடுக்கையும் வாசிக்கும் கலைஞர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். காசு கொடுத்து, பெயர் போட்டு, வாசிக்க வையுங்கள்.

எங்கே காட்டுவது

யூடியூப்பில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ரத்தம் அதிகமானால் வயதுக் கட்டுப்பாடு விழும், பரிந்துரையில் வராது. தம்ப்னெயிலில் ரத்தம் வேண்டாம், இடுப்பில் தராசுத் தட்டோடு அஞ்சலை நிற்பது போதும்.

தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டக் குறும்படம் என்றாலும் சான்றிதழ் வேண்டும். சென்னையில் உள்ள தணிக்கை வாரிய மண்டல அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யூஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகியிருக்கிறது. இந்த வகைப் படத்துக்கு யூஏ 16+ அல்லது ஏ என்று எதிர்பாருங்கள். ஏ வாங்கினால் தொலைக்காட்சியில் வராது. யாராவது சிகரெட் பிடித்தால் எச்சரிக்கை வாசகம் முதல் விளம்பரம்வரை எல்லாம் சேர்க்க வேண்டும், வில்லன் கையில் வெற்றிலைப் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.

புதுச்சேரியில் அரசின் செய்தி விளம்பரத் துறையும் நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அலையான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்துகின்றன. அங்கே போய் உட்காருங்கள். உங்களைப் போலவே படம் எடுக்கும் பிள்ளைகளையும், சினிமாவைத் தீவிரமாகப் பார்க்கும் பெரியவர்களையும் அங்கே சந்திக்கலாம்.

ஆனால் முதல் காட்சியைப் படம் எடுத்த குப்பத்திலேயே, உங்களுக்கு இடம் கொடுத்த பஞ்சாயத்தாரையும் கூலிக்கு வந்தவர்களையும் அழைத்துக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். தராசு மிதிபடும்போது பெண்கள் பக்கம் அமைதியாகிறதா, யாராவது வாய்விட்டுத் திட்டுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். திட்டு விழுந்தால் கதை நிற்கிறது, முழுப்படத்தை எழுதத் தொடங்கலாம். ரத்தத்துக்கு மட்டும் கைதட்டல் வந்தால், சண்டைக் காட்சிகளை அப்படியே வைத்துக்கொண்டு முதல் நாற்பது நொடியை மறுபடி எடுங்கள்.